காதுக்குள் ஓயாத இரைச்சல்! மன வாட்டத்துக்கு மாத்திரை சாப்பிடலாமா?

மதுரைக்குத் "தூங்கா நகரம்" என்று ஒரு பெயர் உண்டு. நடுநிசியிலும் சூடாக இட்லி கிடைக்கும். மாட்டுத்தாவணியில் பஸ்கள் வந்தபடி இருக்கும். காய்கறி மூட்டைகள் இறங்கியபடி இருக்கும்.

இதே மதுரையில், வேறு ஒரு காரணத்தினால் தூங்காமல் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். தெருவில் சந்தடி அடங்கிவிடும். வீட்டில் விளக்கை அணைத்து விடுவார்கள். அப்போதுதான் அவர்களுக்குச் சத்தம் தொடங்கும். அந்தச் சத்தம் வெளியே இல்லை. காதுக்குள் இருக்கிறது!

சிலருக்குச் சில்வண்டு கத்துவது போலக் கேட்கும். சோழவந்தான் வயல் வரப்பில் இரவு நேரம் நின்றால் "கிர்ர்" என்று கேட்குமே, அதுபோல! சிலருக்குக் குக்கரில் ஆவி வருவது போல இருக்கும். சிலருக்கு மில் சங்கு தூரத்தில் ஊதுவது போல இருக்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அது கேட்காது. அவர் குறட்டை விட்டுத் தூங்குவார். இவர் எழுந்து உட்கார்ந்து கொண்டிருப்பார்.

இதற்குக் "காது இரைச்சல்" என்று பெயர். ஆங்கில வைத்தியர்கள் "டின்னிட்டஸ்" என்பார்கள். ஆயுர்வேதத்தில் "கர்ணநாதம்" என்று சொல்வார்கள். சுசுருதர் 28 காது நோய்களைக் கூறியிருக்கிறார். அதில் இதுவும் ஒன்று. ஆகவே இது நேற்று வந்த வியாதி அல்ல.

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு

செல்லூரில் தறி ஓட்டும் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 48. ஆறு மாதமாகக் காது இரைச்சல். தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. யாரோடும் பேசுவதில்லை. டாக்டரிடம் போகிறார். சீட்டோடு திரும்பி வருகிறார். அன்று வீட்டில் பேச்சு எப்படி இருக்கும்?

மனைவி: "ஏங்க, டாக்டரு என்ன சொன்னாரு?"

கணவர்: "மனசு வாடிப்போச்சாம். அதுக்கு மாத்திரை எழுதியிருக்காரு."

மனைவி: "காதைக் காட்டப் போனா, மனசுக்கு மாத்திரையா?"

தாயார்: "ஐயய்யோ! அது பைத்தியத்துக்குக் குடுக்கிற மாத்திரைல்ல? வேணாம்டா ராசா! ஒரு தடவை தின்னா, ஆயுசு பூரா திங்கணும்!"

மைத்துனர்: "மச்சான், அத்தை சொல்றதைக் கேக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு மாத்திரையைப் போடுங்க. ரெண்டே நாள்ல சத்தம் நின்னு போகும்!"

தாயார் சொல்வது சரியா? மைத்துனர் சொல்வது சரியா?

இரண்டும் சரியல்ல! ஏன் என்று பார்ப்போம்.

சத்தம் எங்கே இருந்து வருகிறது?

காதுக்குள்ளே நத்தைக் கூடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மிக மிக மெல்லிய மயிர் போன்ற அணுக்கள் இருக்கின்றன. ஒரு காதில் சுமார் 15,000 இருக்கும். வெளியே இருந்து வரும் ஒலி பட்டதும் அவை அசையும். அந்த அசைவு மூளைக்குப் போகும். அப்போதுதான் நமக்குச் சத்தம் கேட்கிறது.

இந்த மயிரணுக்கள் செத்துப்போனால் மறுபடி முளைப்பது இல்லை.

எதனால் சாகின்றன? வயதாவது ஒரு காரணம். பெருஞ்சத்தம் இன்னொரு காரணம். 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும், இருக்கத் தகுந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 88 என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி நேரம்தான். விசைத்தறிக் கூடங்களில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சகஜம். பாத்திரப் பட்டறை, அரிசி ஆலை, திருவிழாவில் கட்டும் ஒலிபெருக்கி, காதுக்குப் பக்கத்தில் வெடிக்கும் வெடி எல்லாமே காதுக்குப் பகைதான்.

சரி, அணுக்கள் செத்தால் சத்தம் குறையத்தானே வேண்டும்? கூடுவது எப்படி?

ரேடியோவை நினைத்துப் பாருங்கள். தொலைவில் உள்ள ஸ்டேஷன் சரியாக எடுக்கவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுவீர்கள். பாட்டு வராது. "உஸ்" என்ற இரைச்சல்தான் பெரிதாக வரும். மூளையும் அதையே செய்கிறது! காதில் இருந்து செய்தி குறைவாக வருகிறது. மூளை தன் குமிழைத் திருகிக் கூட்டுகிறது. இரைச்சல் கேட்கிறது. எல்லோருக்கும் இதே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மிகப் பலருக்கு இப்படித்தான் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

1953-ம் ஆண்டு ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். காது நன்றாகக் கேட்கும் 80 பேரை அழைத்தார்கள். வெளிச் சத்தம் நுழையாத அறையில் உட்கார வைத்தார்கள். "என்ன கேட்கிறது?" என்று கேட்டார்கள். 100-க்கு 94 பேர் வீதம் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள்! அமைதியில் உட்கார்ந்தால் பெரும்பாலோர்க்கு ஏதாவது கேட்கும். ஆகவே, "எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ!" என்று யாரும் பயப்பட வேண்டாம்.

சங்கீத மேதை பட்ட பாடு

இந்த வியாதி ஆள் பார்த்து வருவது இல்லை. உலகப் புகழ் பெற்ற சங்கீத மேதை பேதோவனையும் அது விடவில்லை.

1801-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் தம் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்த நண்பர் ஒரு டாக்டர். காதுக்குள் இரவும் பகலும் இரைச்சல் கேட்பதாக அதில் குறிப்பிட்டார். காது மந்தமாகி விட்டதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளாக மனிதர்களோடு பழகுவதையே விட்டுவிட்டதாகவும் எழுதினார். அப்போது அவருக்கு வயது 30 தான்.

அடுத்த ஆண்டு நிலைமை இன்னும் மோசம் ஆயிற்று. உயிரை விட்டு விடலாமா என்று கூட எண்ணினார். சங்கீதத்தில் செய்ய வேண்டிய வேலை இன்னும் இருக்கிறது என்ற எண்ணம்தான் அவரைத் தடுத்தது. அதன் பிறகு அவர் 25 ஆண்டுகள் வாழ்ந்தார். 1824-ல் அரங்கேறிய அவருடைய 9-வது சிம்பொனி இன்றும் உலகமெங்கும் ஒலிக்கிறது.

அவர் காலத்தில் மன வாட்டத்துக்கு மாத்திரை இல்லை. இன்று இருக்கிறது.

மனம் ஏன் வாடுகிறது?

காது இரைச்சல் உள்ளவர்கள் எல்லோரும் மனம் உடைந்து போவது இல்லை. பலர் சில மாதங்களில் அதற்குப் பழகி விடுகிறார்கள். வீட்டுக் கடிகாரம் "டிக் டிக்" என்று அடிக்கிறது. அது நம் காதில் விழுகிறதா? விழுகிறது. ஆனால் நாம் கவனிப்பது இல்லை. அதுபோல ஆகிவிடும்.

சிலருக்கு அப்படி ஆவது இல்லை. சத்தம் கேட்டதும் பயம் வருகிறது. "இது நிற்கவே நிற்காதோ?" என்ற எண்ணம் வருகிறது. பயத்தால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் உடல் தளர்கிறது. தளர்ந்த உடலுக்குச் சத்தம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பயம் மேலும் கூடுகிறது. செக்கு மாடு போல ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கடைசியில் மனச்சோர்வு நோய் பிடித்து விடுகிறது.

சிலருக்கு இது தலைகீழாகவும் நடக்கும். மனச்சோர்வு முதலில் வரும். முன்பு கவனிக்காமல் இருந்த சிறு இரைச்சல், அதன் பிறகு பூதாகாரமாகத் தெரியும்.

காசநோய் வார்டில் ஓர் அதிசயம்!

மனச்சோர்வுக்கு மாத்திரை கண்டுபிடித்த கதை சுவையானது.

1952-ம் ஆண்டு நியூயார்க்கில் உள்ள சீ வியூ ஆஸ்பத்திரியில் காசநோயாளிகளுக்குப் புதிய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இப்ரோனியாசிட் என்பது அவற்றில் ஒன்று. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்தார்கள். சிரித்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள். நுரையீரலுக்குக் கொடுத்த மருந்து, மனத்தையும் எழுப்பி விட்டது! டாக்டர்கள் ஆச்சரியப்பட்டார்கள். சில ஆண்டுகளில் அதை மனச்சோர்வுக்கே கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அது ஈரலைக் கெடுத்ததால் பிறகு கைவிடப்பட்டது.

1957-ல் சுவிட்சர்லாந்து டாக்டர் ரோலண்ட் கூன் என்பவர், இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைப் போக்குகிறது என்று வெளியிட்டார். 1987-ல் அமெரிக்காவில் புளுவாக்சிட்டின் அனுமதி பெற்றது. இன்று செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், அமிட்ரிப்டிலின் என்று பல இருக்கின்றன.

மாத்திரை சாப்பிட்டால் சத்தம் நிற்குமா?

இதுதான் முக்கியமான கேள்வி. டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

1993-ல் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. கடுமையான காது இரைச்சலோடு மனச்சோர்வும் உள்ள 92 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. அதோடு இரைச்சலால் பட்ட தொல்லையும் குறைந்தது.

2005-ல் இன்னொரு சோதனை வெளியாயிற்று. இதில் 120 பேர். இவர்களில் பெரும்பாலோர்க்கு இரைச்சல் உண்டு. மனச்சோர்வு நோய் இல்லை. இவர்களுக்கு பராக்சிட்டின் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை!

2012-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழு 6 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. அவற்றில் மொத்தம் 610 பேர். மனச்சோர்வு மாத்திரை காது இரைச்சலைக் குறைக்கும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே முடிவு. 2014-ல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கமும் யோசனை கூறியது. இரைச்சலுக்கு என்று மட்டும் இந்த மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது.

இதில் இருந்து என்ன தெரிகிறது?

மாத்திரை காதுக்கு அல்ல. மனத்துக்கு! மனம் நோயில் விழுந்திருந்தால், மாத்திரை அதைத் தூக்கி விடும். மனம் தேறினால் சத்தத்தைத் தாங்கும் பலம் வரும். மனம் நன்றாக இருந்து, காதில் மட்டும் சத்தம் என்றால் மாத்திரையால் பெரிய பலன் இல்லை.

ஆகவே, "ரெண்டு நாளில் சத்தம் நின்று போகும்" என்று மைத்துனர் சொன்னது தவறு.

உங்களுக்கு எது?

கவலைப்படுகிறவர் எல்லோரும் நோயாளி அல்ல. மனச்சோர்வு நோயை எப்படிக் கண்டுகொள்வது? கீழே உள்ளதைப் படியுங்கள். இரண்டு வாரமாக, அநேகமாக எல்லா நாளும் இப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

மனம் எந்நேரமும் வாடிக் கிடக்கிறதா?

முன்பு ஆசையாகச் செய்த எதிலும் நாட்டம் இல்லையா? பேரன் பேத்தி வந்தாலும் சந்தோஷம் இல்லையா?

தூக்கம் கெட்டு விட்டதா? அல்லது எந்நேரமும் தூக்கமா?

பசி இல்லையா? உடம்பு இளைக்கிறதா?

காரணம் இல்லாமல் களைப்பா?

எதிலும் கவனம் நிற்கவில்லையா?

"நான் எதற்கும் லாயக்கில்லை, வீட்டுக்குப் பாரம்" என்று தோன்றுகிறதா?

செத்துப்போனால் நல்லது என்று எண்ணம் வருகிறதா?

முதல் இரண்டில் ஒன்றாவது இருந்து, மொத்தத்தில் ஐந்து இருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கக் கூடும். முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் கடைசியாகச் சொன்ன எண்ணம் இருந்தால், அது ஒன்றே போதும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது.

முதலில் காதைக் காட்டுங்கள்

மனத்துக்கு மருந்து சாப்பிடும் முன்பு, காதைச் சோதித்தாக வேண்டும். சில சமயம் காரணம் மிகச் சிறியதாக இருக்கும். குறும்பி அடைத்திருக்கும்! அதை டாக்டர் எடுத்து விட்டால் இரைச்சல் போய்விடும். சீழ், ரத்தக் கொதிப்பு, ரத்த சோகை, தைராய்டுக் கோளாறு இவற்றாலும் இரைச்சல் வரலாம்.

சில மருந்துகளாலும் வரலாம். ஆஸ்பிரினை அதிக அளவில் சாப்பிட்டால் காது இரையும். மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன், காசநோய்க்குப் போட்டு வந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, புற்று நோய்க்கான சில மருந்துகள் இவையும் காதைப் பாதிக்கக் கூடியவை. நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள்.

இந்த மூன்றும் அபாய அறிகுறிகள்: திடீர் என்று காது கேட்காமல் போவது, ஒரே ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து "டுப் டுப்" என்று கேட்பது. இவற்றில் எது இருந்தாலும் காது டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. திடீர் செவிடு என்றால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது. சீக்கிரம் வைத்தியம் செய்தால் கேட்கும் சக்தி திரும்ப வழி உண்டு.

காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வினை ஆகிவிடும்.

பைத்திய மாத்திரையா?

இனி தாயார் சொன்னதற்கு வருவோம்.

மனச்சோர்வு மாத்திரை பைத்தியத்துக்கான மாத்திரை அல்ல. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறோம். ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடுகிறோம். அதில் வெட்கம் இல்லை. இதிலும் வெட்கம் இல்லை.

"ஆயுசு முழுவதும் சாப்பிட வேண்டும்" என்பதும் பொதுவாகச் சரியல்ல. முதல் தடவை நோய் வந்தவருக்கு, குணமான பிறகு இன்னும் 6 மாதமாவது கொடுப்பார்கள். பிறகு மெதுவாகக் குறைத்து நிறுத்துவார்கள். அடிக்கடி நோய் திரும்புகிறவர்கள்தான் நீண்ட நாள் சாப்பிட வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. தூக்க மாத்திரை வேறு. மனச்சோர்வு மாத்திரை வேறு. சில வகைத் தூக்க மாத்திரைகளை வாரக் கணக்கில் சாப்பிட்டால் பழக்கம் பிடித்துக் கொள்ளும். அது இல்லாமல் கண் மூடாது. மனச்சோர்வு மாத்திரையில் அப்படிப் போதையோ ஏக்கமோ உண்டாவது இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது எது என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகப் போய், "தூக்கம் வர ஏதாவது கொடுங்கள்" என்று வாங்காதீர்கள்.

மன நோயை மறைத்து வைப்பதால் எவ்வளவு கேடு வரும் என்பதைத் தமிழ்நாடு ஒரு முறை கண்டது. 2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதன் பிறகு ஏர்வாடியிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்க அரசாங்கம் ஏற்பாடு செய்தது. கோவிலுக்குப் போங்கள், தர்காவுக்குப் போங்கள், மாதா கோவிலுக்குப் போங்கள். மனத்துக்கு ஆறுதல் கிடைக்கும். ஆனால் மருந்தையும் விடாதீர்கள்.

மாத்திரை சாப்பிடத் தொடங்கினால்...

நல்ல மருந்துக்கும் சில தொல்லைகள் உண்டு. முன்கூட்டியே தெரிந்து கொண்டால் பயம் வராது.

பலன் உடனே தெரியாது. இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை ஆகலாம். சிலருக்கு இன்னும் சற்றுக் கூடுதல் ஆகும். பத்து நாள் சாப்பிட்டு விட்டு, "ஒன்றும் கேட்கவில்லை" என்று தூக்கிப் போடாதீர்கள்.

தொல்லைகள் உடனே தெரியலாம்! குமட்டல், தலைவலி, வயிற்றுப் போக்கு, படபடப்பு வரலாம். அநேகமாக ஓரிரு வாரங்களில் தணிந்து விடும். தாம்பத்திய ஆசை குறைவதும் உண்டு. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், தூக்கம் வரும். இருதய நோய், கண் நீர் அழுத்தம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அபூர்வமாகச் சிலருக்கு, இந்த மாத்திரையாலேயே காது இரைச்சல் கூடியது போலத் தெரியும். அப்படி ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். திடீர் என்று நிறுத்தினால் தலை சுற்றும், எரிச்சல் வரும், உடம்பில் மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும், இரைச்சலும் கூடலாம். நிறுத்துவது என்றால் படிப்படியாகத்தான்.

25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த மாத்திரை கொடுத்தால், முதல் சில வாரங்கள் வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். அந்த வயதில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தலைதூக்கக் கூடும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மதுவைத் தொடக் கூடாது.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

பலர் டாக்டர் முன்னால் வாய் திறப்பது இல்லை. வெளியே வந்து கம்பவுண்டரிடம் கேட்பார்கள். அது தவறு. சீட்டை வாங்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. எனக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறதா? அல்லது வெறும் காது இரைச்சல்தானா?

2. இந்த மாத்திரை எதற்கு? மனத்துக்கா, தூக்கத்துக்கா?

3. எத்தனை வாரத்தில் பலன் தெரியும்? தெரியாவிட்டால் அடுத்து என்ன?

4. என்ன தொல்லை வரலாம்?

5. நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு இது ஒத்துப் போகுமா? கர்ப்பமாக இருந்தால் சாப்பிடலாமா?

6. எப்போது, எப்படி நிறுத்துவது?

7. மாத்திரை இல்லாமல் வேறு வழி இருக்கிறதா?

முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், தூங்காமலே சுறுசுறுப்பு, கண்டபடி செலவு செய்வது என்று சில நாள் இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு வைத்தியமே வேறு.

நீரூற்று சொல்லிக் கொடுத்த பாடம்

ஏழாவது கேள்விக்குப் பதில் உண்டு. வேறு வழிகளும் இருக்கின்றன.

1970-களில் அமெரிக்காவில் சார்லஸ் யூனிஸ் என்ற டாக்டர் இருந்தார். அவருக்கே காது இரைச்சல்! ஜாக் வெர்னன் என்ற ஆராய்ச்சியாளரைப் பார்க்க போர்ட்லண்ட் நகருக்குப் போனார். இருவரும் அங்கு உள்ள ஒரு நீரூற்றின் பக்கம் நின்றார்கள். யூனிஸ் நகர மறுத்து விட்டார்! ஏன்? தண்ணீர் விழும் ஓசையில் அவருடைய இரைச்சல் கேட்கவில்லை! அதைப் பார்த்த வெர்னன், காதில் மெல்லிய ஓசை எழுப்பும் கருவி ஒன்றைச் செய்தார்.

இதற்கு அமெரிக்கா போக வேண்டியது இல்லை. இரவில் மின்விசிறி ஓடட்டும். ரேடியோ மெல்லிய குரலில் பாடட்டும். முழு நிசப்தத்தில் படுக்காதீர்கள். காது மந்தமாக இருந்தால் காது கேட்கும் கருவியை மாட்டிக் கொள்ளுங்கள். வெளி ஓசை கேட்கத் தொடங்கினால், பலருக்கு உள் இரைச்சல் அடங்கும்.

இன்னொரு வழி, மன நல நிபுணர்கள் பேச்சு மூலம் கொடுக்கும் மனப்பயிற்சி. "சத்தம் என்னைக் கொன்று விடும்" என்ற எண்ணத்தைச் சோதித்து மாற்றக் கற்றுக் கொடுப்பார்கள். 2020-ல் காக்ரேன் குழு இதைப் பற்றிய 28 சோதனைகளை ஆராய்ந்தது. அவற்றில் 2,733 பேர் கலந்து கொண்டார்கள். இரைச்சலால் வாழ்க்கையில் படும் தொல்லையை இந்தப் பயிற்சி குறைக்கக் கூடும் என்று அது கூறியது. மனச்சோர்வு லேசாக இருந்தால், மாத்திரைக்கு முன்பு இதை முயன்று பார்க்கலாம். கடுமையாக இருந்தால் மாத்திரை, பயிற்சி இரண்டும் சேர்ந்தால் நல்லது.

வீட்டார் கவனத்துக்கு

"எங்களுக்குக் கேட்கவில்லையே! எல்லாம் உன் பிரமை!" என்று சொல்லாதீர்கள். அவருக்குக் கேட்பது உண்மை.

மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள். கேலி செய்யாதீர்கள். டாக்டரிடம் போகும்போது மனைவியோ, மகனோ கூடப் போங்கள். அவர் சொல்ல மறந்ததை நீங்கள் சொல்லலாம்.

தறிக் கூடத்தில் வேலை செய்பவருக்குக் காது அடைப்பான் வாங்கிக் கொடுங்கள். சத்தமான இடத்தில் மட்டும் அதை மாட்டினால் போதும்.

எங்கே போவது?

மதுரைக்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி தெரியாமல் இராது. அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவும் இருக்கிறது. மனநலப் பிரிவும் இருக்கிறது. காதையும் மனத்தையும் ஒரே ஆஸ்பத்திரியில் காட்டலாம். மருந்து இலவசம். மதுரையில் 1992-ல் தொடங்கிய எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மனநலப் பணி செய்து வருகிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் என்று வருகிறார் என்று சொல்வார்கள்.

உங்கள் நோயைப் பற்றிய விவரத்தை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் அந்த உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

நடுநிசியில் மனம் தாங்கவில்லையா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது மத்திய அரசாங்கம் 2022-ல் தொடங்கிய மனநல உதவி எண். 24 மணி நேரமும் பேசலாம். தமிழில் பேசலாம். காசு கிடையாது. தமிழ்நாடு அரசாங்கத்தின் 104 எண்ணிலும் யோசனை கேட்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத யாருக்காவது உங்கள் தெருவில் காது இரைச்சல் இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள். முதலில் காது டாக்டர். மனம் வாடியிருந்தால் மன நல டாக்டர். மாத்திரை வேண்டும் என்று அவர் சொன்னால், கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெரிந்து கொண்டு, வெட்கம் இல்லாமல் சாப்பிடுவது. இந்த வரிசையைச் சொல்லிக் கொடுங்கள்.